இடையில் புகும் வாசகர்: அமானுடக் காதல் குறுநாவல் ஒன்றில் சுட்டும் பெயரும்

0. முன்னுரை

தொடராக வரும் நாவல் வரிசை ஒன்றை முதலிலிருந்து படிப்பவரும் இடையில் ஒரு நூலை எடுத்துப் படிப்பவரும் ஒரே நூலைப் படிப்பதில்லை. சொற்கள் ஒன்றாகவே இருப்பினும் அச்சொற்கள் எவரைச் சுட்டுகின்றன, எவற்றை முன்னரே அறிந்தனவாகக் கொள்கின்றன என்பதில் இருவர் வாசிப்பும் வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு குறையாகவே கருதப்படுகிறது. இடையில் புகுபவருக்குச் செய்தி போதாது. எனவே முன்கதைச் சுருக்கமோ அடிக்குறிப்போ தந்து அக்குறையை நிரப்ப வேண்டும் என்பது பதிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் மேற்கொள்ளும் வழக்கமான நிலை. இந்நிலை எல்லா நூல்களுக்கும் பொருந்துமா என்பதை ஒரு குறுநாவலைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் ஆங்கிலத்தில் எழுதி 2010 சூன் 5 அன்று வெளிவந்த குறுநாவல். அதன் தலைப்பைத் தமிழில் 'பிரீ டானரின் குறுகிய இரண்டாம் வாழ்வு' எனலாம். காதற்கதையின் அமைப்பை வைத்துக்கொண்டு, காதலருள் ஒருவரையேனும் இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதர் போன்ற மனிதரல்லாப் பிறவியாகப் படைக்கும் அமானுடக் காதற்புனைவு வகையைச் சேர்ந்தது இது. இவ்வகை நூல்கள் பெருந்திரளான வாசகரைப் பெற்றவை; எனினும் மொழியியல் நோக்கில் அதிகம் கவனிக்கப்பெறாதவை. சுட்டுப்பெயர், முன்னனுமானம் ஆகியவற்றை ஆராய்வோருக்கு இக்குறுநாவல் நல்ல தரவாக அமைகின்றது. கட்டுரையில் எண்ணிட்டுத் தரப்படும் தமிழ்த் தொடர்கள் விளக்கத்திற்காக ஆக்கப்பட்டவை. நூலின் மொழிபெயர்ப்பு அல்ல.

1. நூலும் தொடரில் அதன் இடமும்

மேயரின் 'ட்வைலைட்' வரிசை நான்கு நாவல்களைக் கொண்டது. 'ட்வைலைட்' 2005இலும், 'நியூ மூன்' 2006இலும், 'எக்லிப்ஸ்' 2007இலும், 'பிரேக்கிங் டான்' 2008இலும் வெளிவந்தன. இவற்றின் பெரும்பகுதியைப் பெல்லா என்னும் மனிதப் பெண் தன்மையிடத்தில் நின்று கூறுகிறாள். அவள் எட்வர்டு என்னும் காட்டேரியைக் காதலிப்பவள். எட்வர்டின் குடும்பத்தினர் மனித இரத்தம் பருகாதவர்கள். விலங்கின் இரத்தத்தையே பருகுவதால் அவர்களின் கண்கள் சிவப்பாக இல்லாமல் பொன்னிறமாக இருக்கும்.

மூன்றாம் நாவலான 'எக்லிப்ஸ்', விக்டோரியா என்னும் காட்டேரி பெல்லாவைப் பழிவாங்குவதற்காகச் சியாட்டில் நகரத்து இளைஞர்களைக் காட்டேரிகளாக மாற்றி ஒரு படை திரட்டுவதைக் கூறுகின்றது. போர் முடிந்தபின் அப்படையில் எஞ்சிச் சரணடைந்தவள் பிரீ என்னும் சிறுமி. வோல்டூரி எனப்படும் ஆளும் குழுவினர் வந்து, அவளைக் காக்க எட்வர்டின் குடும்பத்தினர் முன்வந்தும் கேளாமல், அவளைக் கொல்கின்றனர். அறுநூறு பக்கங்களைக் கடந்த அந்நாவலில் பிரீக்குக் கிடைப்பது சில பக்கங்களே. பெல்லாவின் கண்களுக்கு அவள் அச்சந்தரும் ஒரு பெண் மட்டுமே. அவளிடம் பெயர் கேட்கப்படுவதும் சாவுக்கு முந்தைய விசாரணையில்தான்.

2010இல் வந்த குறுநாவல் இதே நிகழ்ச்சிகளைப் பிரீயின் வாய்மொழியாகக் கூறுகின்றது. அமெரிக்கப் பதிப்பில் 178 பக்கங்கள். இயல் பிரிப்பு இல்லை. தொடருக்கான வழிகாட்டி நூலில் ஒரு பகுதியாகச் சேர்க்க எண்ணி எழுதப்பட்டு, நீண்டுவிட்டமையால் தனி நூலானது இது. எனவே முதலில் கருதப்பட்ட வாசகர் தொடரை நன்கறிந்தவரே. ஆனால் 2010 சூன் 7 முதல் சூலை 5 வரை இந்நூல் முழுவதும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தரப்பட்டது. தொடரில் வேறெதையும் வாங்காதவரும் இதனை எளிதில் படிக்கும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது. ஆகவே இடையில் புகும் வாசகர் இந்நூலைப் பொறுத்தவரை கற்பனையானவர் அல்லர்.

2. அறிந்த வாசகரும் அறியாத வாசகரும்

ஒரு சொற்றொடர் கேட்போர் முன்னரே அறிந்ததாகக் கொண்டு பேசப்படும் செய்தியை முன்னனுமானம் எனலாம். 'அவன் தம்பி வந்தான்' என்றால் அவனுக்குத் தம்பி உண்டு என்பது கூறப்படவில்லை, கொள்ளப்படுகிறது. கேட்பவர் அதனை முன்பு அறிந்திராவிடினும் உரையாடலை நிறுத்திக் கேட்பதில்லை. தம்பி ஒருவன் இருப்பதாகத் தாமே ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறார். டேவிட் லூயிஸ் 1979இல் எழுதிய கட்டுரை இந்த இணங்கியேற்றலை விரிவாக விளக்கியது. ஐரீன் ஹைம் 1982இல் தம் ஆய்வேட்டில், உரையைப் பின்தொடர்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டையைத் திறந்து அதில் செய்திகளைக் குறித்துக்கொண்டே செல்கிறார் என்னும் உவமையை ஆண்டார். புதுப்பொருள் வந்தால் புது அட்டை. தெரிந்த பொருள் வந்தால் பழைய அட்டையில் புதுக் குறிப்பு.

இவ்வுவமையைக் கொண்டு பார்த்தால், தொடரை அறிந்தவர் குறுநாவலைத் திறக்கும்போதே அவர் கையில் நிறைந்த அட்டைக் கட்டு இருக்கிறது. இடையில் புகுபவர் வெறுங்கையுடன் வருகிறார். பொதுவாகத் தொடரின் இடையில் வரும் நூல் முதல் வாசகருக்கென எழுதப்படும். இரண்டாமவர் இணங்கியேற்றலால் சமாளிக்க வேண்டும். மேயரின் நூலில் இந்நிலை மாறுகிறது. காரணம், கதை சொல்லும் பிரீ எதையும் அறியாதவள். காட்டேரியாக மாறி மூன்று மாதங்களே ஆனவள். தன்னைப் படைத்தவள் யார், எதற்காகப் படைத்தாள், தன் இனத்தின் சட்டங்கள் யாவை என எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய அட்டைகளும் வெற்று அட்டைகளே.

இதனால் இரு வாசகருக்கும் கதை சொல்பவளுக்கும் இடையே இருவேறு உறவுகள் உண்டாகின்றன. இடையில் புகுபவர் பிரீயோடு ஒரே நிலையில் நிற்கிறார். அவள் அறியும்போது அறிகிறார். தொடரை அறிந்தவர் அவளைவிட மிகுதியாக அறிந்தவர். அவள் போகும் வழி எங்கு முடியும் என்பதையும் அறிந்தவர். முன்னவருக்குக் கிடைப்பது தேடல். பின்னவருக்குக் கிடைப்பது இரக்கம். ஒரே சொற்றொடர் இவ்விரண்டையும் ஒருசேரத் தருமாறு அமைவதே இந்நூலின் சிறப்பு. மொழிபெயர்ப்பில் எளிதில் கெடக்கூடியதும் அதுவே. சுட்டுப்பெயர், பொதுப்பெயர், கேள்விச் செய்தி ஆகிய மூன்றிடங்களில் இதனைக் காணலாம்.

3. பெயரில்லாச் சுட்டு

பிரீயும் அவளைப் போன்ற இளையோரும் தங்களைப் படைத்தவளின் பெயரை அறியார். அவர்களை நடத்துபவன் ரைலி. அவனும் அப்பெயரைச் சொல்வதில்லை. எனவே படர்க்கைப் பெண்பால் சுட்டுப்பெயரே அவளைக் குறிக்கிறது. முன்னே பெயர் எதுவும் வராமல் சுட்டுப்பெயர் மட்டும் வருவதால், இடையில் புகுபவருக்கு அது நிரப்பப்படாத ஓர் இடம். தொடரை அறிந்தவரோ முதல் சுட்டிலேயே விக்டோரியா எனப் பொருத்திக்கொள்கிறார்.

பெயரை மறைப்பது வெறும் கதை உத்தியன்று; கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் உண்டு. எதிரிகளுள் ஒருவனாகிய எட்வர்டு பிறர் நினைப்பதைக் கேட்கும் ஆற்றல் உடையவன். ஒரு பெயரை அறிந்தவர் அதனை நினைக்கவும் கூடும்; நினைத்தால் அவன் கேட்டுவிடுவான். எனவே பெயரே தெரியாதிருப்பது ஒரு காவல். பெயர் ஒருவரை ஐயமின்றிச் சுட்டிக் காட்டும். சுட்டுப்பெயரோ பேசும் சூழலை அறிந்தாலன்றி எவரையும் காட்டாது. மொழியின் இந்தப் பொதுப்பண்பு இங்குக் கதையின் அச்சாணியாகிவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை நன்கறிந்தது. ஒருவரையே குறிக்கும் இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமிடத்துச் சுட்டுப்பெயர் முற்படலாகாது, இயற்பெயரை அடுத்தே வரவேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி. செய்யுளில் சுட்டுப்பெயர் முற்படவும் பெறும் என்று அடுத்து விலக்கும் கூறப்படுகிறது. வழக்கு மொழியில் தெளிவு முதன்மையானது. செய்யுளில் தெளிவைச் சற்றே தள்ளிவைக்கும் உரிமை உண்டு என்பதே இவ்விதியும் விலக்கும் உணர்த்தும் வேறுபாடு எனக் கொள்ளலாம். மேயரின் நூல் உரைநடையில் இவ்வுரிமையை எடுத்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் விதியைப் பின்பற்றிப் பெயரை முன்னே வைத்தால் நூலின் அடிப்படை குலையும்.

சுட்டுப்பெயரை அப்படியே பெயர்ப்பதும் எளிதன்று. ஆங்கிலப் பெண்பால் சுட்டு பாலை மட்டும் காட்டும், மதிப்பைக் காட்டாது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

(1) அவள் இங்கு வரமாட்டாள்.
(2) அவர் இங்கு வரமாட்டார்.
(3) இங்கு வரமாட்டாள்.

(1) பாலைக் காட்டுகிறது; ஆனால் நெருக்கத்தையோ இகழ்ச்சியையோ உடன் கொண்டுவருகிறது. (2) அச்சத்தையும் மதிப்பையும் காட்டுகிறது; ஆனால் பெண் என்னும் செய்தியை மறைத்துவிடுகிறது. பேச்சு வழக்கின் 'அவங்க' என்பதோ ஒருவரா பலரா என்பதையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். மூலத்தில் பால் தெளிவாகத் தெரிகிறது. அதனை மறைத்தால் மூலத்தில் இல்லாத ஒரு புதிர் நுழைந்துவிடும். ஆகவே பிரீயின் கூற்றுகளில் 'அவள்' என்பதே பொருந்தும். அவளுக்கு அஞ்சியும் அவளை விரும்பியும் பேசும் ரைலியின் வாயில் 'அவர்' வருவது இயல்பு எனத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு இரு வடிவங்களை ஆண்டால், இடையில் புகுபவர் இருவேறு ஆட்கள் என மயங்கக்கூடும். எனவே நூல் முழுதும் ஒரே வடிவம் வருதல் நன்று.

(3) தனியே கருதத்தக்கது. தமிழில் எழுவாய் மறைந்து நிற்கலாம். வினைமுற்றின் விகுதி பாலையும் எண்ணையும் காட்டிவிடும். ஆங்கில மூலத்தில் சுட்டுப்பெயரின் மீது அழுத்தம் தந்து உணர்த்துவதைத் தமிழ் அச்சுட்டுப்பெயரையே நீக்கி உணர்த்த இயலும். அஞ்சத்தக்கவரைக் குறிப்பிடாமல் வினையை மட்டும் சொல்லி நிறுத்தும் வழக்கம் தமிழ்ப் பேச்சில் உண்டு. பெயரைச் சொல்லவும் அஞ்சும் இளையோரின் உரையாடலுக்கு இவ்வமைப்பு மூலத்தைவிடவும் பொருத்தமாக அமையும் எனலாம்.

4. பொதுப்பெயரும் குறிப்புமை நிலையும்

பெயர் அறியாதோர் பண்பால் பெயரிடுவர். எட்வர்டின் குடும்பத்தினரை இளையோர் மஞ்சட் கண்ணர் என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். வோல்டூரிகள் பிரீயின் பார்வையில் கருமேலங்கி அணிந்தோர். பெல்லா வெறும் மனிதப் பெண். தொடரை அறிந்தவர் நான்கு நாவல்களிலும் பழகிய அன்பான குடும்பம், அவர் கண்முன் வெறும் கண்ணின் நிறமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு தொடரின் நடுவே நிற்கும் தலைவி, பகைவருக்குக் காட்டப்படும் வேட்டைப் பொருளாகிறாள். நாம் அறிந்தோர் பிறர்க்கு எவ்வாறு தோன்றுவர் என்பதைப் பொதுப்பெயர் ஒன்றே உணர்த்திவிடுகிறது.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் அறிந்த பொருளைச் சுட்டுவதையும் புதுப்பொருளைச் சுட்டுவதையும் சார்படைகள் வேறுபடுத்துகின்றன. தமிழில் அத்தகைய சார்படை இல்லை. 'ஒரு' என்பதும், 'அந்த' என்பதும், செயப்படுபொருள் உருபு வருதலும் வாராமையும், சொல்வரிசையும் அப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. 'புத்தகம் படித்தான்', 'புத்தகத்தைப் படித்தான்' என்பவற்றின் வேறுபாடு அனைவரும் அறிந்தது. ஆனால் உயர்திணைப் பெயர்களில் உருபு பெரும்பாலும் வந்தேயாக வேண்டுமாதலால் அவ்வேறுபாடு இங்கு உதவாது. பின்வருவனவற்றை ஒப்பிடலாம்.

(4) ஒரு மனிதப் பெண் அங்கே நின்றாள்.
(5) அந்த மனிதப் பெண் அங்கே நின்றாள்.
(6) மனிதப் பெண் அங்கே நின்றாள்.

போர் முடிந்த வெளியில் பிரீ பெல்லாவைக் காணும் இடத்தில் (4) பொருந்தாது. அப்பெண்ணைப் பற்றி ரைலி முன்னரே கூறியிருக்கிறான். (5) இலக்கணத்திற்கு ஒத்தது. ஆனால் 'ரைலி சொன்ன அந்தப் பெண்' எனப் பொருளை ஒரே முன்னோடியுடன் கட்டிவிடுகிறது. (6) எவற்றுடனும் கட்டாமல் நிற்கிறது. இடையில் புகுபவர் அதனை ரைலியின் பேச்சுடன் இணைப்பார். தொடரை அறிந்தவர் பெல்லாவுடன் இணைப்பார். 'அந்த' என்பதை ஆங்கிலச் சார்படைக்கு நேரானதாகக் கொண்டு எங்கும் பெய்யும் பழக்கம் மொழிபெயர்ப்புத் தமிழில் பெருகியுள்ளது. இந்நூலில் அப்பழக்கம் நடைக்குற்றமாக மட்டும் நில்லாது பொருளையும் குறுக்கும்.

ஒரு சிறு சான்று இதனைத் தெளிவாக்கும். போருக்கு முன் ரைலி அம்மனிதப் பெண்ணின் ஆடை ஒன்றை இளையோர் முகர்ந்து பார்க்கத் தருகிறான். இடையில் புகுபவருக்கு அது மோப்பம் பிடிக்க உதவும் ஒரு துணி. தொடரை அறிந்தவரோ, 'எக்லிப்ஸ்' நாவலில் பெல்லாவின் அறையிலிருந்து காணாமற்போன சிவப்புச் சட்டையை நினைவுகூர்கிறார். மொழிபெயர்ப்பாளர் உதவும் எண்ணத்துடன் 'திருடிவந்த' என்று ஓர் அடைமொழியைச் சேர்த்தால், அறிந்தவருக்கு அது மிகை; அறியாதவருக்கு அது விடையில்லாக் கேள்வி.

இவ்விடத்தில் இனத்தின் பெயரையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். காட்டேரி என்பது தமிழ் நாட்டுப்புற வழிபாட்டில் ஒரு தெய்வத்தின் பெயருமாகும். அச்சொல் அச்சத்துடன் வேண்டுதலையும் நினைவூட்டும். ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை ஐரோப்பிய இரத்தக் காட்டேரியாகவே பெயர்த்தார். இன்று எதிர்த்திசையில் பெயர்ப்பவர் அதே ஆற்றைக் கடக்க வேண்டியவராகிறார். 'இரத்தக் காட்டேரி' என அடைகொடுத்து வழங்குவது தெய்வப் பொருளை விலக்க ஓரளவு உதவும்.

5. கேள்விச் செய்தியும் நம்பிக்கையும்

வெயில் பட்டால் எரிந்துவிடுவோம் என்று ரைலி இளையோருக்குச் சொல்லியிருக்கிறான். இருவர் அவ்வாறு அழிந்ததாகவும் அவர்கள் நம்புகின்றனர். பிரீயும் டியேகோ என்னும் இளைஞனும் ஒரு பகலில் வெளியே சிக்கிக்கொண்டபோது இது பொய் எனக் கண்டறிகின்றனர். வெயிலில் அவர்கள் உடல் எரியவில்லை, ஒளிர்கிறது. இருவரிடையே அன்பு அரும்புவதும் இக்கண்டுபிடிப்பை ஒட்டித்தான். ரைலியும் ஏமாற்றப்பட்டவன் என நம்பி அவனிடம் உண்மையைச் சொல்லச் செல்லும் டியேகோ கொல்லப்படுகிறான். பொய்யை நம்புவதும் நம்பாமல் விடுவதும் இக்கதையில் உயிரைப் பற்றிய செய்தி.

தொடரை அறிந்தவருக்கு ரைலியின் கூற்று முதல் வரியிலேயே பொய். மேயரின் காட்டேரிகள் வெயிலில் ஒளிர்வர் என்பது 2005இன் முதல் நாவலிலேயே வந்துவிட்டது. இடையில் புகுபவர் அக்கூற்றை நம்புவார். திரைப்படங்கள் அவரை அதற்குப் பழக்கியுள்ளன. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் (1897) வெயில் காட்டேரியை அழிப்பதில்லை. பகலில் அவன் நடமாடுகிறான், ஆற்றல் மட்டும் குறைகிறது. வெயில் கொல்லும் என்பது 'நோஸ்ஃபெராட்டு' என்னும் 1922ஆம் ஆண்டுச் செருமானிய ஊமைப்படத்தின் வழியே பரவிய கருத்து. ரைலி தன் இளையோரை ஏமாற்றுவதும் நூல் புதிய வாசகரை ஏமாற்றுவதும் ஒரே பொதுநம்பிக்கையைக் கொண்டுதான்.

இங்குத் தமிழில் ஓர் இடர் காத்திருக்கிறது.

(7) வெயில் பட்டால் நாங்கள் எரிந்து சாம்பலாவோம்.
(8) வெயில் பட்டால் நாங்கள் எரிந்து சாம்பலாவோமாம்.
(9) வெயில் பட்டால் நாங்கள் எரிந்து சாம்பலாவோம் என்று ரைலி சொல்லியிருந்தான்.

(8)இல் வரும் 'ஆம்' செய்தி பிறர் வாய்க்கேட்டது என்பதைக் காட்டும். அத்துடன் கூறுபவர் அச்செய்திக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதையும், பல சூழல்களில் நம்பவில்லை என்பதையும் காட்டிவிடும். தமிழில் சரளமாக எழுதுபவர் கேள்விச் செய்தி வருமிடத்தில் இதனை இயல்பாகவே ஆள்வர். ஆனால் கதையின் தொடக்கத்தில் பிரீ இதனை ஆண்டால் அவள் நம்பாதவளாகிவிடுவாள். ரைலியின் பொய் வெளிப்படும் முன்பே வெளிப்பட்டுவிடும். (9) செய்தியின் மூலத்தைச் சொல்கிறது. இதுவும் ஐயத்திற்குச் சிறிது இடம் தருகிறது. பொய் என அறியும் வரை (7)ஐயும், அறிந்த பின்னர் (9)ஐயும் ஆளலாம். டியேகோவும் பிரீயும் ரைலியின் பிற விதிகளைக் கேலியாக எடுத்துரைக்கும் கட்டம் வரும்போது (8)இன் 'ஆம்' தன் முழு ஆற்றலுடன் நுழையலாம். மூலமொழியில் இலக்கண வடிவமாக இல்லாத ஒன்றைத் தமிழ் இவ்வாறு படிநிலையாகப் பயன்படுத்த இயலும்.

தன்மைக்கூற்றும் இறந்தகாலமும் ஒரு முன்னனுமானத்தைத் தருகின்றன. 'நான் சென்றேன்' என்று கதை சொல்பவர் சொல்லும்போது உயிருடன் இருக்கிறார் என்றே கேட்போர் கொள்வர். இடையில் புகுபவர் இவ்வனுமானத்தைப் பற்றிக்கொண்டு பிரீ பிழைப்பாள் என நம்புகிறார். 'குறுகிய' என்னும் தலைப்புச் சொல் அவரை எச்சரித்தாலும் இலக்கணம் அவருக்கு நம்பிக்கை தருகிறது. கடைசி வரியில்தான் அந்நம்பிக்கை அறுகிறது. தொடரை அறிந்தவருக்கு ஒவ்வொரு தன்மை விகுதியும் தொடக்கம் முதலே துயரம் தருவது.

6. நூலின் குறை

இதுவரை கூறியவை நூலின் பெரும்பகுதிக்குப் பொருந்தும்; இறுதிப் பகுதிக்குப் பொருந்தா. பிரீ சரணடைந்த பின்னர் நிகழும் உரையாடல்கள் 'எக்லிப்ஸ்' நாவலில் முன்பே எழுதப்பட்டவை. அங்கு அவற்றைக் கேட்பவள் பெல்லா. அவளும் அந்நாவலின் வாசகரும் அவற்றின் பின்னணியை அறிவர். குறுநாவலில் கேட்பவள் பிரீ. கேட்பவர் மாறினும் அவ்வுரையாடல்களின் முன்னனுமானங்கள் பழைய கேட்பவருக்கு உரியனவாகவே நிற்கின்றன.

வோல்டூரிகளின் தலைவியாக வரும் ஜேன், பெல்லா இன்னும் மனிதப் பெண்ணாகவே இருப்பதைக் குறிப்பிடுவது தக்க சான்று. 'இன்னும்' என்னும் சொல் அந்நிலை மாறியிருக்க வேண்டும் என்பதை முன்னனுமானமாகக் கொண்டது. 'நியூ மூன்' நாவலில் வோல்டூரிகள் விதித்த நிபந்தனையை அறிந்தவருக்கே அது விளங்கும். இடையில் புகுபவர் இணங்கியேற்கலாம். ஆனால் ஏற்றதைப் பொருத்துவதற்கு அவர் கையில் அட்டை எதுவும் இல்லை. ஓநாய்களின் ஊளையும், எண்ணிக்கையில் குறையாத எட்வர்டின் குடும்பம் மேலங்கி அணிந்தோர் முன் ஏன் வாளாவிருக்கிறது என்பதும் அத்தகையனவே. பிரீக்கும் இவை விளங்கவில்லை என்று கூறி நூலைக் காக்கலாம். ஆயினும் முற்பகுதியில் அவள் அறியாமை கதையை நடத்தியது. இங்கு அது கதையைத் தேக்குகிறது. வேறொரு நூலின் காட்சிக்கு இணங்கும் கட்டாயம் இந்நூலின் தேவையை மீறிவிட்டது எனலாம்.

இத்தேக்கத்தை ஒரே ஓர் இடம் மீட்கிறது. எட்வர்டு தன் நினைவுகளைக் கேட்கிறான் எனப் பிரீ உணர்ந்துகொள்கிறாள். தான் அறிந்தவற்றை, மேலங்கி அணிந்தோர் முன்பே வந்து சென்றதையும், தப்பிச் சென்ற பிரெட் என்னும் நண்பனிடம் அன்பு காட்ட வேண்டும் என்பதையும், வாய் திறவாமல் அவனுக்குத் தெரிவிக்கிறாள். நூல் முழுதும் வாசகரிடம் பேசியவள் இங்குக் கதைக்குள் ஒரு கேட்பவனைப் பெறுகிறாள். பெயரை நினைப்பதே இடர் என்று தொடங்கிய கதையில், நினைத்தலே அவளது கடைசி உரிமையாகிறது. இரு வாசகரும் இவ்விடத்தில் மீண்டும் ஒன்றாகச் சேர்கின்றனர்.

7. முன்கதைச் சுருக்கம் தேவையா?

தமிழ் வார இதழ்த் தொடர்கதைகளில் முன்கதைச் சுருக்கம் நெடுங்கால வழக்கு. அதன் முதற்பணி ஒரு வார இடைவெளியில் மறந்ததை நினைவூட்டுவது; அறியாததை அறிவிப்பது அதன் துணைப்பணியே. சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா ஆகியோர் வரும் கதைகள் வரிசையாக வந்தவையாயினும், ஒவ்வொரு வழக்கும் தன்னளவில் முடிவதால் வாசகர் எங்கும் புகலாம். மேயரின் குறுநாவல் இவ்விரு வகைகளிலும் அடங்காதது. அதன் கதை தனித்து முடிவதன்று. ஆனால் முன்கதை அறியாமையே அதற்குள் புகும் வாயில்.

அகப்பாடல் மரபு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அகத்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது மரபு. பாடல் ஏதோ ஓர் உறவின் நடுவே தொடங்குகிறது. யார் யாரிடம் கூறியது என்பதைத் துறைக்குறிப்பு தெரிவிக்கிறது. இக்குறிப்புகள் பிற்காலத்தார் சேர்த்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. துறைக்குறிப்பைப் படித்துவிட்டுப் பாடலைப் படிப்பவர் ஒன்றைப் பெறுகிறார்; பாடலைப் படித்துக் கூற்றைத் தாமே உய்த்துணர்பவர் வேறொன்றைப் பெறுகிறார். குறிப்பு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. குறிப்பு எங்கு வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வாசிப்பு மாறும் என்பதே கருத்து.

'மூன்றாம் நாவலின் இறுதியில் கொல்லப்படும் சிறுமியின் கதை இது' என்று முகப்பில் எழுதினால், இடையில் புகுபவர் தொடரை அறிந்தவராகிவிட மாட்டார். அறிந்தவருக்குள்ள நினைவுகள் அவருக்குக் கிடைக்கா. அறியாதவருக்குள்ள நம்பிக்கை மட்டும் பறிபோகும். எனவே முகப்பில் சுருக்கம் தருதல் தகாது. இறுதிப் பகுதியின் இருண்ட இடங்களை விளக்கும் சிறு குறிப்பை நூலின் முடிவில் வைக்கலாம்.

8. முடிவுரை

தொடரின் இடையில் புகும் வாசகருக்குச் செய்தி குறைவு என்பது உண்மை. எனினும் அக்குறை எல்லா நூல்களிலும் நிரப்பப்பட வேண்டியதன்று. ஆய்வுக்குரிய குறுநாவலில் அக்குறையே கதை சொல்பவளின் நிலை. அதனைப் பகிர்ந்துகொள்பவரே அவளுக்கு மிக அருகில் நிற்பவர். தமிழில் பெயர்ப்பவர் நான்கினைக் கருத்தில் கொள்ளலாம். பெயரில்லாச் சுட்டைப் பெயரால் நிரப்பாமை. 'அந்த' என்பதைத் தேவையின்றிப் பெய்யாமை. பொய் வெளிப்படும் வரை 'ஆம்' என்பதை ஆளாமை. விளக்கக் குறிப்பைப் பின்னே வைத்தல்.

பெரிய நாவலில் பெயர் கேட்கப்பட்ட சிறிது நேரத்தில் கொல்லப்பட்டவள் பிரீ. அவளை ஒரு பெண் என்னும் பொதுப்பெயரிலிருந்து மீட்டு, நான் என்று பேசவைத்ததே குறுநாவலின் பணி. அவள் அறிந்த அளவே வாசகரும் அறியுமாறு விடுவது, அவள் பேச்சை இடைமறிக்காமல் கேட்பதற்கு ஒப்பாகும்.